மெரினாவ ஒரு ரூமுக்குள்ள கொண்டு வந்தோம்

எங்க ஏரியா கிளை நூலகத்துல மெரினா பத்தி ஒரு சின்ன கண்காட்சி வச்சோம். பேப்பர் படிக்கிற ரூம்ல ரெண்டு மேஜைய ஓரமா தள்ளிட்டு, கயிறு கட்டி, துணிக்கு போடுற கிளிப்புல போட்டோவ மாட்டினோம், அவ்ளோதான் செட்டப்பு.

மொதல்ல சிலைங்க வரிசையா போட்டுடலாம்னுதான் நெனச்சோம், 1968 உலகத் தமிழ் மாநாட்டப்போ வச்சது, அப்புறம் ராய் சௌத்ரி செஞ்சு 1959ல வச்ச உழைப்பாளர் சிலை இப்படி. ஆனா சிலைய எல்லாரும் பஸ்ல போகும்போதே பாத்துடுறாங்க, அந்த மணல்ல யாரு உக்காந்தாங்க, எதுக்குக் கூடுனாங்கன்றதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. 1880கள்ல கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேரு வச்சாரு, சரி, அது ஒரு அட்டையோட முடிஞ்சுது. 1923ல சிங்காரவேலர் மே தினம் கொண்டாடுனதுக்கும் 2017 ஜனவரி ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கும் ஒரு சுவரு முழுசா குடுத்தோம்.

அக்கம்பக்கத்துல வீட்டு ஆல்பம் கேட்டோம். ஒரு பாட்டி மஞ்சப்பைக்குள்ள சுத்தி ஒரு கருப்பு வெள்ளை போட்டோ கொண்டு வந்தாங்க, ஓரமெல்லாம் கரையான் அரிச்சது, உழைப்பாளர் சிலை முன்னாடி வீட்டுக்காரரோட நிக்கிறாங்க, கையில சுண்டல் பொட்டலம். "கல்யாணமாகி மொத ஞாயித்துக்கெழம கண்ணு"ன்னாங்க. ஒரிஜினல வாங்கிக்கல, அங்கயே ஸ்கேன் பண்ணி அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, அவங்க சொன்னத அப்படியே கீழ எழுதி மாட்டினோம். வந்தவங்க ரொம்ப நேரம் நின்னது அந்தப் படத்துக்கிட்டதான்.

அடுத்தது ராபின்சன் பூங்கா பண்ணணும், 1949ல திமுக தொடக்கக் கூட்டம் நடந்த எடம். ராயபுரம் பக்கம் பழைய ஆல்பம் வச்சிருக்கவங்க சொல்லுங்க, ஸ்கேனரோட நானே வரேன்.