இது தாங்குமா?

"இது தாங்குமா தம்பி?" என்று படகுக்காரப் பெரியவர் கேட்டார். "தாங்கும் சார்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான் பழுது பார்த்துக் கொடுத்த படகு ஏற்கெனவே டிரெய்லரில் ஏறி, காரோடு மாட்டியாகிவிட்டது. படகைத் திருப்புகிற சுக்கானைத் தனியாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி உள்ளே படுக்க வைத்திருந்தோம். அவர் கிளம்பிப் போனார். இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது வயதை நெருங்கிய படகு. டிரெய்லரில் இழுத்துப் போகிற சின்னப் பாய்மரப் படகுதான். பின்சுவரில் சுக்கானைத் தாங்கும் கொண்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கொண்டி ஆடுகிறது, போல்ட்டை முறுக்கிக் கொடுத்தால் போதும் என்றுதான் கொண்டுவந்தார். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக் கொண்டுவருவார்கள், அதில் தப்பில்லை. நான் சுக்கானின் அடிமுனையைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். கொண்டியின் ஓரம் சுவரைவிட்டு மயிரிழை எழும்பியது. விட்டதும் படிந்தது. படியும்போது அதன் அடி விளிம்பில் ஒரு கோடு ஈரம் கசிந்து வெளியே வந்தது. பழுப்பு நிறம். படகு தண்ணீரைவிட்டு வெளியே வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. பின்சுவர் வெறும் ஃபைபர் இல்லை. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். துளை வழியாகத் தண்ணீர் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் போதும், அந்த அடுக்குகளின் வழியே எங்கே வேண்டுமானாலும் நடக்கும். மரம் இற்றுப் போகும். தோல்கள் இரண்டும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

பெரும்பாலும் கீழ்க் கொண்டிதான் முதலில் போகும். சுக்கானின் இலை, அதாவது அதன் தட்டையான பலகை, தண்ணீருக்குள் கொண்டிக்கும் கீழே இறங்கி நிற்கிறது. தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளும்போது முழுச் சுக்கானும் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். மேல் கொண்டி ஒரு பக்கம் இழுக்கும், கீழ்க் கொண்டி மறுபக்கம் தாங்கும். அதனால் இலையில் விழுகிற விசையைவிடக் கூடுதலான விசை கீழ்க் கொண்டியில் விழுகிறது. பலத்த காற்றில் படகு சாய்ந்து, காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும்போது சுக்கானை இழுத்துப் பிடிக்கிறோமே, அந்தப் பாரமெல்லாம் போய்ச் சேருகிற இடம் அந்த நாலு போல்ட்தான். இன்னொன்றும் உண்டு. சுக்கானைக் கழற்றாமலே சாலையில் இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழியிலும் அது குதிக்கும், ஆடும். கடலில் வருடக் கணக்கில் வருகிற தளர்ச்சி சாலையில் ஒரே பயணத்தில் வந்துவிடலாம். நான் கேட்டேன். முந்தின சொந்தக்காரர் அப்படித்தான் கொண்டுவந்து கொடுத்தாராம்.

உள்ளே மரம் இற்றிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அந்த நேரத்துக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். உண்மையில் என்ன நடக்கிறதென்றால், இரண்டு தோலும் நடுவில் இருக்கிற மென்மையை நசுக்கிக்கொண்டு நெருங்குகின்றன. தோலின் மேல் இருக்கிற வழவழப்பான ஜெல்கோட் பூச்சில் சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும். சில மாதத்தில் மறுபடி தளரும். ஆகவே முறுக்கவில்லை, கழற்றினேன். மூன்று போல்ட் நன்றாக இருந்தன. நாலாவது, வெளியே தலை பளபளவென்று இருக்கிறது. சுவருக்குள் இருந்த தண்டு மட்டும் சுற்றிலும் அரித்து இடுப்பு ஒடுங்கியிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக்குக் காற்று வேண்டும். ஆக்சிஜன் இருந்தால்தான் அதன் மேல் இருக்கிற மெல்லிய காப்புப் படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். காற்று புகாத ஈரத் துளைக்குள் அது இப்படித்தான் சத்தமில்லாமல் அரிபடும்.

அப்புறம் துளைகளைப் பெரிதாக்கினேன். மூன்று துளையில் ட்ரில் நுனியில் வெளிர் நிற மரத்தூள் வந்தது, காய்ந்து. நாலாவது துளையில் ட்ரில்லின் திருகுக் குழிவில் கறுத்த ஈர மண் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் நசுக்கினால் நீர் பிசுபிசுத்தது. புளித்த வாடை.

வளைத்த ஆணி ஒன்றை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றினால் தோல்களைத் தொடாமல் நடுவில் இருக்கும் மரத்தை மட்டும் சுரண்டி எடுக்கலாம். அப்படிச் சுரண்டினேன். கட்டைவிரல் அகலம் வரை உள்ளே போனது. கறுப்புதான் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் பையன் அடியில் தட்டு ஏந்திக்கொண்டிருந்தான். "அண்ணே, இன்னும் வருதுண்ணே" என்றான். "போதும்ப்பா" என்றேன்.

ஆணி எட்டுகிற தூரம் அவ்வளவுதான். நான் நிறுத்தியதற்கு அதுதான் காரணம். மரம் நன்றாகிவிட்டது என்று நிறுத்தவில்லை. இதை எழுதும்போதுதான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டியும் பார்த்தேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அந்த மூலையைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்கும் சற்றுக் கூடுதலாக 'தொப் தொப்' என்றது.

சரியாகச் செய்வதென்றால் பின்சுவரின் உள்தோலை வெட்டி எடுக்க வேண்டும். இற்ற மரத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு, புது மரம் ஒட்டி, வெட்டிய ஓரங்களைத் தோலின் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் சரிவாகத் தேய்த்து, அதன் மேல் மறுபடி ஃபைபர் போட வேண்டும். ஒரு ஆள் பெட்டி போன்ற அறைக்குள் குப்புறப் படுத்துச் செய்கிற வேலை. பல நாள் ஆகும். மற்ற வழி, துளைகளை மட்டும் எபாக்ஸியால், அதாவது கலந்து ஊற்றினால் கல்லாக இறுகுகிற பிசினால் அடைத்து, பின்னால் நல்ல தகடு கொடுத்து இறுக்குவது. நான் இரண்டாவதைச் செய்தேன்.

அவரைக் கேட்காமல் செய்யவில்லை. போன் பண்ணினேன். "மரம் கொஞ்சம் ஈரமா இருக்கு சார். துளையைப் பெரிசாக்கி எபாக்ஸி அடைச்சு, பின்னாடி தகடு வெச்சுத் தர்றேன்" என்றேன். "நீங்க பாத்துச் செய்யுங்க தம்பி" என்றார். ஆக, சொல்லியிருக்கிறேன். எத்தனையோ ராத்திரி இந்த போன் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் 'கொஞ்சம்' என்ற சொல்லை யார் போட்டது? அவர் போடவில்லை. முழுசாகச் சொல்லியிருந்தால் அவர் எத்தனை நாள், எவ்வளவு ஆகும் என்று கேட்டிருப்பார். அடுத்த வாரம் பேரப்பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தார். அந்தக் குரலைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேலை நெருக்கடி இருந்ததையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்க விளக்கைக் கிட்டத்தில் வைத்து உலர்த்தினேன். துளைகளின் உள்பக்கம் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்ஸியால் மரத்தை நனைத்து, பிறகு கெட்டியாக்கிய எபாக்ஸியைக் காற்றுக் குமிழி தங்காமல் மெல்ல நிரப்பினேன். பெரிய குழியை ஒரே மூச்சில் நிரப்பினால் சூடாகிப் புகைந்துவிடும், அதனால் நாலாவது துளைக்கு மட்டும் இரண்டு தவணை. மறுநாள் கல் மாதிரி ஆன பிறகு நடுவில் புதுத் துளை போட்டேன். இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீர் வந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும். துளை வாயைச் சற்றுச் சரித்துவிட்டேன், தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலண்ட் பசை அங்கே மோதிரம் போல உட்காரும். பழைய படகில் வெறும் சின்ன வாஷர்கள்தான் இருந்தன. நான் கனமான ஃபைபர் தகடு வைத்தேன். அலுமினியம் வைக்கலாம் என்பார்கள், ஆனால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத எஃகோடு சேர்ந்தால் அலுமினியம் கரையும். தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இடம் என்பதால் பாலிசல்ஃபைடு சீலண்ட். முதலில் லேசாக இறுக்கி, அது இறுகிய பிறகு போல்ட்டை அசையவிடாமல் பிடித்து நட்டை மட்டும் திருகினேன். போல்ட்டைத் திருகினால் கட்டின சீலண்ட் கிழியும். நாலு போல்ட்டும் புதுசு. கடைசியில் சுக்கானை மாட்டி முழு பலத்தோடு ஆட்டிப் பார்த்தேன், மயிரிழை அசையவில்லை. கொண்டி தாங்கும். இன்றைக்குக் கேட்டாலும் சத்தியமாகச் சொல்வேன், கொண்டி தாங்கும்.

ஆனால் அந்தத் தகடு 'தொப்' என்ற இடத்தை முழுக்க மூடவில்லை. பின்சுவர் அடியில் வளைகிற மூலை குறுக்கே வந்ததால் கீழே இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது.

இப்போது அந்தப் பேச்சுக்குத் திரும்புகிறேன். அவர் கேட்டபோது கையை எங்கே வைத்திருந்தார்? முதலில் விரலால் கொண்டியைத் தொட்டார், அது நிச்சயம். புது போல்ட் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அப்புறம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், கொண்டிக்குக் கீழே. மாட்டின் முதுகில் வைப்பதுபோல அணைவாக வைத்தார். அப்படி வைத்துக்கொண்டுதான் 'இது தாங்குமா' என்று கேட்டார். 'இது' என்றால் எது? நான் கொண்டியை நினைத்துப் பதில் சொன்னேன். அல்லது, கொண்டியை நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததால் நினைத்துக்கொண்டேன். அவர் கை இருந்தது அந்த இரண்டு விரல் அகலத்தின் மேலே.

பயப்பட ஒன்றுமில்லை என்றும் தோன்றுகிறது. அந்தக் காலத்துப் படகுகளில் தோலே நல்ல கனம். உள்ளே மரம் இற்றும் பத்து வருடம் ஓடிய பின்சுவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அடைத்த நாலு எபாக்ஸித் தூணும் இரண்டு தோலையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும். சரி. ஆனால் நடுமரம் ஒட்டியிருக்கும் வரைதான் இரண்டு தோலும் ஒரே சுவர், அது விட்டுப்போன இடத்தில் தனித்தனி மெல்லிய தட்டுகள். பிளைவுட்டில் ஊறின ஈரம் ஒரு நாள் விளக்குச் சூட்டில் போகாது என்பதும் எனக்குத் தெரியும். மாதக் கணக்கில் ஆகும்.

அதற்குப் பிறகு மாறிவிட்டேன். ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். போன வருடம் வேறொருவர் வந்தார், அதே கதைதான், கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டில். டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, தட்டிக் காட்டினேன், எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டே காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஓட்டிப் போனார். சில மாதம் கழித்து அதே படகு வந்தது. துளை முழுக்க அவரே சிலிக்கான் பிதுக்கி அடைத்திருந்தார். ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். சிலிக்கான் படிந்த இடத்தில் எபாக்ஸி ஒட்டாது, சுற்றுவட்டத்தையே தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. முழுசாகச் சொன்னதால் அவர் படகுக்கு அதிகக் கெடுதல் ஆனது. இதை வைத்துப் பார்த்தால் முதல் ஆளுக்கு நான் செய்ததே மேல் என்றாகிறது. அப்படி நினைத்துப் பார்த்தேன், நிம்மதி வரவில்லை.

பையன் அந்த நாலாவது துளையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் இப்போது அவனே துளை போடும்போது, ட்ரில்லை வெளியே எடுத்ததும் நுனியை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். காய்ந்த தூளாக இருந்தாலும் காட்டுகிறான். நான் தலையாட்டின பிறகுதான் துடைக்கிறான்.

பெரியவரின் எண் பில் புத்தகத்தில் இருக்கிறது. அவர் மறுபடி வரவில்லை. எல்லாம் நன்றாக இருப்பதால் வராமல் இருக்கலாம். இரண்டு முறை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்தோலைத் திறந்து செய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் பயந்துவிடாதபடி எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. "சார், அன்னைக்குக் கிளம்பறப்போ ஒரு இடத்துல கை வெச்சீங்களே..." என்பது வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.