பன்னிரண்டாம் பாட்டுக்குப் பிறகு

உயர்தர வகுப்பில் இருந்தபோது மாணவர் மன்றத்தில் ஒரு விவாதம் வைத்தோம். முத்திக்கு வழி தேடுவதா, தேடலை விட்டுச் சும்மா இருப்பதா என்பது தலைப்பு. நான் 'சும்மா இரு' கட்சி. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்த ஞானி யோகர் சுவாமிகளைக் கண்டு கும்பிட்டவர்கள் அப்போது எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். 'எப்பவோ முடிந்த காரியம்' என்ற அவருடைய வாக்கு எங்கள் விறாந்தைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. எல்லாம் எப்பவோ முடிந்துவிட்டதென்றால் இனித் தேட என்ன இருக்கிறது? அதையே கேட்டேன். நல்ல கைதட்டல்.

மறுநாள் இந்து நாகரிகம் படிப்பித்த மாஸ்டர் வந்ததும் வராததுமாகக் கரும்பலகையின் இடது பக்கம், அருணகிரிநாதர் முருகன்மேல் பாடிய கந்தரநுபூதியின் இரண்டாம் பாட்டின் வரியை எழுதினார்: 'எல்லாமற என்னை இழந்த நலம் சொல்லாய் முருகா'. வலது ஓரத்தில் பன்னிரண்டாவது: 'சும்மா இரு சொல்லற என்றலுமே அம்மா பொருளொன்றும் அறிந்திலனே'. நடுவே பலகை வெறுமையாகக் கிடந்தது. வெண்கட்டியால் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்டது இஞ்சை, பதில் அங்கை. கேளாதவனுக்கு ஆர் பதில் சொல்லுவினம்?"

"அப்ப பன்னிரண்டோடை முடிஞ்சுதோ சேர்?" என்றேன்.

"எங்கை முடிஞ்சுது? இன்னும் முப்பத்தொன்பது பாட்டுக் கிடக்கு. போய்ப் படி."

படித்தேன். சும்மா இரு என்று கேட்ட பிறகும் அருணகிரிநாதர் அழுகிறார், இரக்கிறார். கருதாமலும் மறவாமலும் இருக்கிற நெறி எனக்கு எப்போது வரும் என்கிறார். விவாதத்தின் இரு கட்சியையும் அந்த ஒரு வரி தாண்டிப் போய்விட்டது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மெய்கண்டாரின் ஏழாம் சூத்திரமும் 'யாவையும் சூனியம் சத்தெதிர்', அதாவது மெய்ப்பொருளின் முன் மற்றதெல்லாம் வெறுமை, என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. சத்து என்ற மெய்ப்பொருள், அசத்து என்ற நிலையாத உலகம் இரண்டையும் அறிகிற ஆன்மா ஒன்று இருக்கிறது என்று முடிக்கிறது.

இதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். உள்ளே இறங்கியது புலம்பெயர்ந்து வந்து, தம்பி இல்லை என்ற செய்தி தொலைபேசியில் கேட்ட பிறகு. ஏன் அவன், ஏன் அந்த வயதில் என்று மாதக்கணக்காகக் காரணம் தேடினேன். ஒரு காரணமும் அகப்படவில்லை. எல்லாம் மாயை, ஏற்றுக்கொள் என்று வந்தவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரவு வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாய்க்குள் அநுபூதி ஓடும். 'யானாகிய என்னை விழுங்கி வெறுந் தானாய் நிலைநின்றது தற்பரமே' என்ற இடத்தில் ஒருநாள் நெஞ்சு நின்றது. இருபத்தெட்டாம் பாட்டு. இங்கே வெறுமை என்றால் ஒன்றுமில்லாமை அல்ல. கேள்வி கேட்ட 'நான்' கரைந்த பிறகும் ஒன்று நிற்கிறது. தேடித் தேய்ந்தவனைத்தான் அது விழுங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேடாதவனிடம் விழுங்குவதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் கடைசிப் பாட்டு. 'உளதாய் இலதாய்' என்று இரண்டையும் முருகனிடமே வைத்துவிட்டு, 'குருவாய் வருவாய்' என்று மறுபடி கூப்பிடுகிறார்.

இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். நேரமில்லை என்கிறோம். தயவுசெய்து 51 பாட்டையும் வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். நடுவில் எழும்பிக் கேள்வி கேட்கிற பிள்ளையை இருத்திவிடாதீர்கள்.