ஐந்து மாதத்தில் சேர்த்த கம்ப்யூட்டர்: எதை எப்போது வாங்கியிருக்க வேண்டும்

தங்கை படிப்புக்காக, போன் செயலிகள் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நிறுவிய அன்றைக்குத்தான் எங்கள் லேப்டாப்பின் நிலைமை எனக்கு முழுசாகப் புரிந்தது. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்த மென்பொருளுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி வேண்டும், நிம்மதியாக வேலை செய்ய 16. ஒரு வரியைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "விடுண்ணா, கம்ப்யூட்டர் லேப்லயே முடிச்சுக்கறேன்" என்றாள். எனக்கு விட மனம் வரவில்லை.

மொத்தமாகப் போடப் பணம் இல்லை, மாதம் ஒரு தொகை ஒதுக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஒரு டெஸ்க்டாப்பை மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். ஐந்து மாதம் ஆனது. இன்று அது நன்றாக ஓடுகிறது. ஆனால் வாங்கிய வரிசையில் ஓர் இடத்தில் தப்புப் பண்ணிவிட்டேன், அதற்கு மூன்று வாரமும் நிறைய தூக்கமும் போனது. எந்தப் பாகம் நல்லது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்பதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிராசசர் எது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதை ஒட்டித்தான் அமையும். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 திரெட், 65 வாட், 2021இல் கடைக்கு வந்தது. புதுசு இல்லை, ஆனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, பெட்டியிலேயே கூலரும் வருகிறது. குறைந்த பணத்தில் கட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டும் பெரிய சேமிப்பு. இங்கே ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஏஎம்டியில் வெறும் 5600 என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்வரை திரையில் ஒன்றும் வராது.

முதல் மாதம் வாங்கியது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்), 2.5 அங்குலத்தில் வருவது. எம்.2 என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் வேகம் பல மடங்கு என்பது தெரியும். சாட்டா விநாடிக்கு 550 எம்பியைத் தாண்டாது, பிசிஐஇ 3.0 என்ற பாதையில் ஓடும் என்விஎம்இ 3,500 வரை போகும். ஆனால் எங்கள் பழைய லேப்டாப்பில் என்விஎம்இ செருக இடமில்லை, சாட்டா அப்படியே பொருந்தும். அதனால் வாங்கிய அன்றே ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டேன். லேப்டாப் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. டெஸ்க்டாப் முடிகிறவரை நான்கு மாதம் தங்கைக்கு அதுவே கைகொடுத்தது, அதோடு எஸ்எஸ்டியில் குறை ஏதும் இல்லை என்பதும் அந்த நான்கு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் சரியாகச் செய்த ஒரு விஷயம் என்றால் இதைச் சொல்வேன்.

இரண்டாவது மாதம் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. சிக்கனம் பிடிக்கவே கூடாத இடம் இது என்று நான் முழுசாக நம்புகிறேன். அதே விலைக்கு 600 வாட் என்று அச்சிட்ட பெயர் தெரியாத பெட்டிகள் கிடைத்தன, நான் 450 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் எடுத்தேன். 65 வாட் என்று எழுதியிருக்கிற பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும், மற்ற எல்லாம் சேர்ந்தாலும் 150ஐத் தொடாது, அப்புறம் 600 எதற்கு? பிரான்ஸ் என்ற முத்திரை சொல்வது மின்சாரம் வீணாகாமல் இருப்பதை மட்டும்தான், பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதம் என்று. ஷார்ட் ஆனால் தானே அணைந்துகொள்ளுமா, மின்னழுத்தம் எகிறினால் தடுக்குமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதற்கு அந்த மாடலின் விவரத் தாளைத் தனியாகப் படித்தேன். மலிவான எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் டிஸ்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும், அந்தப் பயம்தான்.

மூன்றாவது மாதம்தான் தப்பு நடந்தது. ரேம் தள்ளுபடியில் வந்தது. 8 ஜிபி குச்சிகள் இரண்டு கொண்ட டிடிஆர்4 3200 செட். இரண்டு குச்சிகளாக வாங்கியதில் தப்பில்லை, உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு 8 ஜிபி போட்டால் 51.2 என்று பாதை இரட்டிப்பாகிறது. திரையில் அந்த வித்தியாசம் தெரியும். வாங்கியது சரி, வாங்கிய நேரம்தான் தவறு. அதைச் செருகிப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. லேப்டாப் ரேம் அளவே வேறு. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பத்திரமாக வைத்தேன், திருப்பிக் கொடுக்க இருந்த பத்து நாள் அங்கேயே கழிந்தது.

நான்காவது மாதம் எதுவும் வாங்காமல் பணத்தைச் சேர்த்து, ஐந்தாவது மாதம் பிராசசரையும் மதர்போர்டையும் சேர்த்து வாங்கினேன். மதர்போர்டு ஏ520 வகை, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, ரேமுக்கு இரண்டே ஸ்லாட். பி550 வகை வாங்கினால் பிசிஐஇ 4.0 கிடைக்கும் என்றார்கள், ஆனால் 5600ஜி பிராசசரே 3.0 வரைதான், இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

கேபினட் வாங்கவில்லை. வீட்டில் மதர்போர்டு செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. ஏடிஎக்ஸ் என்ற அளவை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது, திருகு ஓட்டைகளின் இடம் இன்றுவரை அதை ஒட்டியே இருப்பதால் பழைய பெட்டியில் புதிய போர்டு உட்காரும். ஆனால் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, பழைய போர்டு பெரியது, அதற்காகத் தகட்டில் பொருத்தியிருந்த பித்தளைக் கால்களில் மூன்று புதிய போர்டின் ஓட்டைகளுக்கு நேராக வரவில்லை. அப்படியே விட்டால் அவை போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகக்கூடும், ஆகவே கழற்றிவிட்டேன். புதுப் போர்டை வைக்கும் முன் காகிதத்தில் ஓட்டைகளைக் குறித்துத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. இன்னொன்று, பவர் விளக்கின் கனெக்டர். பழையதில் மூன்று துளை அகலம், புதிய போர்டில் இரண்டே பின். கனெக்டரின் பக்கத்தில் உள்ள குட்டிப் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கினால் உள்ளே இருக்கும் ஒயர் வெளியே வந்துவிடும், அதைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிச் செருகினால் முடிந்தது வேலை.

கேபினட்டில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது. இந்த வகையில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் தொல்லை. கூலருக்கு போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும், கழற்றியதும் பின்பக்கத் தகடு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். பதறிவிட்டேன். தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூலரின் நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டதும் விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. போர்டில் டிராம் (ரேம்தான்) என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்தது. ஒரு ரேம் குச்சி முழுசாக இறங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பூட்டு உள்ள ஸ்லாட் அது, பூட்டு இல்லாத பக்கத்தில் கால் மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன், விளக்கு அணைந்தது, பயாஸ் திரை (ஓஎஸ்ஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) வந்தது. தங்கை கை தட்டினாள். ரேம் பிரச்சினை இதோடு தீர்ந்தது என்று நானும் நம்பிவிட்டேன்.

பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கி 3200க்குக் கொண்டுவந்தேன் (செய்யாவிட்டால் மெதுவான வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்), லினக்ஸ் மிண்ட் என்ற ஓஎஸ் நிறுவினேன். முதல் இரண்டு நாள் எல்லாம் அருமை. மூன்றாம் நாள் தங்கை எஸ்டிகே (ஆண்ட்ராய்டு செயலி எழுதத் தேவையான கருவித் தொகுப்பு) பதிவிறக்கியபோது கோப்பு சிதைந்திருப்பதாகச் செய்தி வந்தது. மறுபடி பதிவிறக்கினாள், வந்துவிட்டது. சரி, நெட்டில்தான் ஏதோ என்று நினைத்தோம். அடுத்து பிரவுசரில் டேப்கள் தாமாகச் செத்தன. எழுதிய நிரலை பில்ட் செய்தால், அதாவது ஓடும் செயலியாக மாற்றினால், ஒரு முறை பிழை வரும், எதையும் மாற்றாமல் திரும்ப ஓட்டினால் வராது. அவள் தன் நிரலில்தான் தப்பு என்று இரண்டு ராத்திரி தேடியிருக்கிறாள். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் சந்தேகம் முதலில் எஸ்எஸ்டி மேல். அதன் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை. நான்கு மாதம் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியதுதானே என்பதும் அப்போது உறைத்தது. பிறகுதான் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தேன். முதல் சுற்று முடிவதற்குள் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. எக்ஸ்எம்பி வேகம் தாங்காமல் இருக்கலாம் என்று அதை அணைத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் வந்தது. ஒரு குச்சியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து, அப்புறம் ஸ்லாட்டை மாற்றி, இப்படி நான்கு விதமாக ஓட்டினேன். ஒரு குச்சி எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் பிழை, மற்றது எதில் இருந்தாலும் சுத்தம். ஆக ஸ்லாட்டும் பிராசசரும் நன்றாகத்தான் இருக்கின்றன, அந்தக் குச்சிதான் கெட்டது.

கடையில் திருப்பும் நாள் முடிந்து எவ்வளவோ ஆகிவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருந்தது, ஆனால் செட்டாக வாங்கியதால் இரண்டு குச்சிகளையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள், நன்றாக இருப்பதையும் சேர்த்து. மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்து வைத்திருந்ததால் அதிகம் கேள்வி கேட்கவில்லை. மாற்று செட் வர மூன்று வாரம். அதுவரை எஸ்எஸ்டியை மறுபடி லேப்டாப்பில் செருகி அவள் வேலையை ஓட்டினாள், முக்கால்வாசி லேபில்தான்.

திரும்ப இதே வேலையைச் செய்தால் எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு போல இருக்கிற கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கக்கூடியவற்றை முதலில் மாதம் ஒன்றாக வாங்குவேன். ஒன்றில்லாமல் ஒன்றைச் சோதிக்க முடியாத பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் பணம் சேரும்வரை தொடவே மாட்டேன், சேர்ந்ததும் ஒரே வாரத்தில் வாங்கி, எஸ்எம்பிஎஸ்ஸையும் அப்போதே வாங்கி, அன்றைக்கே ஓட்டிப் பார்ப்பேன். தள்ளுபடி போனால் போகட்டும். கட்டி முடித்த முதல் ராத்திரி, ஓஎஸ் நிறுவுவதற்கு முன்பே, மெம்டெஸ்ட்டை விடியும்வரை ஓட விடுவேன். மாற்று செட் வந்த அன்று அப்படித்தான் செய்தேன், காலையில் பார்த்தபோது ஒரு பிழையும் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது ஒரே ஒரு சின்னச் சிக்கல். செயலியைக் கம்ப்யூட்டரிலேயே போன் போல ஓட்டிப் பார்க்க உதவும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் கிளம்ப மறுத்தது. பயாஸில் எஸ்விஎம் என்ற அமைப்பு அணைந்திருந்தது, மெய்நிகர் இயந்திரங்களுக்கான வசதி அது, இயக்கியதும் ஓடியது. அங்கேயே கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமையும் 2 ஜிபியாக வைத்தேன். அவள் தன் முதல் செயலியை இதில்தான் முடித்தாள். பில்ட் ஆகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை, இன்னொரு ஜன்னலில் வேறு வேலை பார்க்கிறாள்.

அடுத்து ஒரு கிராபிக்ஸ் கார்டு, தனி மின் கேபிள் கேட்காத 75 வாட் வகை. அதற்கும் சேர்த்துத்தான் 450 வாட்டில் இடம் விட்டிருக்கிறேன். பழைய கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கிறது, ஸ்கேல் வைத்து அளந்தேன், 23 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கார்டு உள்ளே போகாது.