யி சிங்: தென்னை ஈர்க்கில் 18 மாற்றங்கள்

பழைய சீனக் குறிநூலான யி சிங்கிடம் குச்சிகளை எண்ணிக் கேட்டதில், நேற்று இரவு ஆறு கோடுகளும் பிசகில்லாமல் எழுந்தன. கீழிருந்து மேலாக 8, 7, 9, 8, 7, 8 (6, 8 யின் கோடுகள், 7, 9 யாங் கோடுகள்; இவற்றில் 6ம் 9ம் எதிர்க்கோடாக மாறுபவை). அதாவது நூலின் ஆறு கோட்டு உருவங்கள் 64இல் 48ஆவது, கிணறு. மூன்றாம் கோடு மாறுகிறது. நாணயத்தை விட்டுக் குச்சிக்கு வந்தபின், கோட்டுக்கு மூன்றாக 18 மாற்றங்களையும், அதாவது குச்சிகளைப் பிரித்து எண்ணும் சுற்றுகளை, ஒரே மூச்சில் முடித்தது இதுதான் முதல் முறை. ஒத்திகைக்காகப் போட்டதல்ல, கேள்வியோடுதான் உட்கார்ந்தேன்: குறி கேட்பதை முறையாகக் கைக்கொள்ளட்டுமா, இல்லை படிப்போடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

பதிலுக்கு முன்னால் முதல் மாற்றத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 50 குச்சிகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 49ஐ இரண்டாகப் பிரித்து, வலக் குவியலில் ஒன்றை எடுத்து இடக்கைச் சுண்டுவிரல் இடுக்கில் செருகி, இரு குவியல்களையும் நான்கு நான்காகக் கழித்து மீதிகளையும் விரலிடுக்கில் சேர்த்தால், விரல்களில் தேறுவது 5 அல்லது 9 மட்டுமே. வேறு எண் வந்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இடக் குவியல் நான்கால் மீதியின்றி வகுபட்டால்தான் 9 (அப்போது கடைசி நான்கையே மீதியாகக் கொள்ள வேண்டும்). மற்ற மூன்று நிலைகளிலும் 5. ஆகவே 9ஐவிட 5 மூன்று மடங்கு வரும். அடுத்த இரண்டு மாற்றங்களில் 4, 8 இரண்டுக்கும் சம வாய்ப்பு. மூன்று மாற்றங்களுக்குப் பின் குவியல்களில் எஞ்சும் குச்சிகளை நான்கால் வகுத்தால் வருவதே கோட்டின் எண். எல்லாம் சேர்ந்தால் பதினாறில் ஒரு பங்கு 6, மூன்று பங்கு 9, ஐந்து பங்கு 7, ஏழு பங்கு 8.

மூன்று நாணயங்களைச் சுண்டினால் 6க்கும் 9க்கும் ஒரே வாய்ப்பு, எட்டில் ஒன்று. மாறும் கோடுகளின் மொத்தப் பங்கு இரண்டு முறையிலும் கால்தான். ஆனால் குச்சியில் மாறும் யாங் (9), மாறும் யின்னைவிட (6) மூன்று மடங்கு அதிகம் வருகிறது. யின் எளிதில் அசையாது, யாங் அசைந்துகொண்டே இருக்கும் என்ற பார்வை எண்களுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. நாணயம் இதைத் தட்டையாக்கிவிடுகிறது. நாணயமே போதும் என்பவர்களோடு என்னால் ஒத்துப்போகவே முடியவில்லை.

இவ்வளவு கணக்கும் நிற்பது பிரிக்கும் அந்த ஒரு கணத்தில்தான். அது தற்செயலாக நிகழ வேண்டும். கட்டைவிரல் பழகிய இடத்துக்குப் போகக் கூடாது. தென்னை ஈர்க்கு அடியில் பருத்து நுனியில் மெலிவதால், எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கினால் கட்டு விசிறிபோல் விரிந்து, விரல் அதே பிளவில்தான் நுழைகிறது. காய்ந்த பழைய மட்டையிலிருந்து கிழித்து, நடுப்பகுதியை மட்டும் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, பாதியைத் தலைகீழாக மாற்றி அடுக்கிய பிறகு கட்டு உருளையாக நின்றது. எண்ணெய் தடவக் கூடாது. மோதிரவிரல் இடுக்கிலிருந்து நழுவிவிடும். கடையில் கிடைக்கும் மூங்கில் குச்சிகளிலும் அதே தொல்லை. மழமழவென்று இருப்பதால் மூன்றாவது மாற்றத்துக்குள் எப்படியும் ஒன்று தரைக்கு வந்துவிடுகிறது.

மரபுப்படி வேண்டியது அக்கிலியா பேரினத்து 'யாரோ' (yarrow) என்ற செடியின் தண்டு. ஷான்டோங் மாநிலத்து சூஃபூவில், கன்பூசியஸ் கல்லறையருகே வளர்வதற்குத் தனி மதிப்பே உண்டு. இணையத்தில் ஒரு வியாபாரியிடம் ஒரு கட்டு வாங்கினேன். பாதி முறிந்து வந்தது, மீதியில் ஒன்றுக்கொன்று நீளம் ஒட்டவில்லை. பணமும் திரும்பவில்லை. இருந்தாலும் முறியாத தண்டுகளைக் கையில் எடுத்தபோது காரணம் புரிந்தது: எடையே தெரியவில்லை, மேலே ஓடும் நுண்ணிய வரிகள் விரலைப் பற்றிக்கொள்கின்றன. மலைப்பகுதியில் இருக்கும் நண்பரிடம் விதை கேட்டிருக்கிறேன். குளிரில் நன்றாக வளரும் செடி. முளைத்தால் அடுத்த கட்டு சொந்தத் தண்டில்தான்.

படித்தால் போதும், குறி எதற்கு என்ற கேள்வி மிகப் பழையது. யி சிங்கில் தேர்ந்தவர் குறி பார்ப்பதில்லை என்றே பண்டைய சீன மெய்யியலாளர் சுன்சி சொல்லியிருக்கிறார். நான் நெடுநாள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். 12ஆம் நூற்றாண்டின் கன்பூசிய அறிஞர் சூ ஷி என்னைத் திருப்பினார். இது குறி கேட்பதற்காகவே எழுந்த நூல் என்று வாதிட்டவர் அவர். நூலின் 'பெரும் உரை'ப் பகுதியில் சில வரிகளாகக் கிடந்த குச்சி முறையை இன்று நாம் செய்யும் வடிவத்தில் ஒழுங்குபடுத்தியவரும் அவரே. சுத்தமான அறை, நடுவில் மேசை, தூபம் என்று அவர் அடுக்குவதைச் செய்து பார்த்தவனுக்கு அதன் பயன் தெரியும். எண்ணி முடிப்பதற்குள் கேள்வியைச் சுற்றியிருந்த பதற்றம் வடிந்து, கேள்வி மட்டும் எஞ்சுகிறது. நாணயம் அந்த அவகாசத்தைத் தருவதே இல்லை.

இப்போது பதில். கிணற்றின் மூன்றாம் கோடு சொல்வது: கிணறு தூர்வாரப்பட்டுவிட்டது, ஆனால் யாரும் அருந்தவில்லை, இது என் நெஞ்சின் துயரம், இறைத்து அருந்தலாமே. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஈர்க்கு சீவுவதும் வாய்ப்புக் கணக்குப் போடுவதுமாகத் தூர்வாரிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு வாய் நீர் இறைக்கவில்லை. எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. குறி கேட்பதைக் கைக்கொள்கிறேன். குச்சியில் மட்டும், ஒரு அமர்வுக்கு ஒரே கேள்வி.

கோடு மாறியபின் கிடைப்பது 29, நீரின் மேல் நீர். ஆபத்தான பள்ளத்தைப் பேசும் உருவம் என்பதால் அவசரமாகப் படிக்க விருப்பமில்லை. விடுமுறை நாளில் உரைகளோடு உட்கார வேண்டும். ஐயம் வந்தால் மறுபடி கேட்கலாம் என்ற வழியும் இல்லை. முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்டால் தொல்லை, சொல்லமாட்டேன் என்று நான்காம் உருவமே கதவை அடைத்துவிடுகிறது. அடுத்த கேள்வி வீடு மாற்றுவது பற்றியது. அதற்குமுன் நுனி பிளந்த நான்கு ஈர்க்குகளை மாற்ற வேண்டும், ஈர்க்குக் கட்டினை வைக்க மூங்கில் குழாய் ஒன்றும் தேட வேண்டும்.