பழைய ஸ்கேனரில் பதினாறாம் சேனல்

பாம்பன், மண்டபம் பக்கம் பழைய ரேடியோ ஸ்கேனரில் (பல அலைவரிசைகளை மாறி மாறிக் கேட்கும் கருவி) முதலில் ஏற்ற வேண்டியது 156.800 மெகாஹெர்ட்ஸ், கடல்சார் விஎச்எஃப் அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல். ரியலிஸ்டிக் ப்ரோ வகை ஸ்கேனர்கள் பலவற்றில் மேனுவல், சேனல் எண், ப்ரோகிராம், அலைவரிசை, என்டர் என்ற வரிசையில்தான் பொத்தான்களை அழுத்த வேண்டும். என்டரை மறந்தால் எதுவும் பதியாது. டிலே (பேச்சு நின்றதும் அதே சேனலில் சற்றுக் காத்திருக்கும் வசதி) போடுங்கள், இல்லாவிட்டால் பதில் வருமுன் அடுத்த சேனலுக்குத் தாவிவிடும். 156.525-ஐச் சேர்க்காதீர்கள், அது டிஜிட்டல் அழைப்புக்கானது. கிர்ரென்ற சத்தம்தான் மிஞ்சும்.

பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் தூரத்து விசைப்படகு கேட்காது, ஸ்கேனரைத்தான் குறை சொல்வோம். கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனாவுக்கு 45 சென்டிமீட்டர் கம்பி போதும். உப்புக்காற்றில் முதலில் கெடுவது ஆன்டெனாவைப் பொருத்தும் பிஎன்சி இணைப்பு: பச்சை பூத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், வெளி இணைப்பில் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள். உரிம விதிகளைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.