மூன்று கட்டுத் தொடர்கதை: ஒன்று முடிந்தது, ஒன்று மாட்டிக்கொண்டது

நேற்று சாயங்காலம், பைண்டு செய்து அழுத்தி வைத்திருந்த பலகையைப் பிரித்தேன். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகம், இரண்டு வால்யூமாக, 34 பாரம் (சேர்த்து மடித்துத் தைக்கும் தாள்கட்டுக்குப் பெயர் பாரம்). எந்தப் பக்கத்தை விரித்தாலும் கையை எடுத்த பிறகும் அப்படியே தட்டையாகப் படுத்திருக்கிறது. ஏழு மாத வேலை. ராத்திரி தூங்கப் போகும்முன் இரண்டு தடவை எழுந்து போய் விரித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

கானாடுகாத்தான் வீட்டில் பங்கு பிரிக்கும்போது என் பங்குக்குக் கேட்டு வாங்கியது அப்பத்தாவின் தகரப்பெட்டி ஒன்றுதான். உள்ளே சணல் கயிற்றில் மூன்று கட்டு: ஒன்று சரித்திரம், ஒன்று துப்பறியும் கதை, ஒன்று காதல் கதை. எல்லாம் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தாள்கள். தூசி தட்டியது, துருப்பிடித்த பின்னை எடுத்தது எல்லாம் நீங்களும் செய்திருப்பீர்கள், அதை விடுகிறேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது பட்டை ஒட்டும் வேலை. ஒற்றைத் தாளாகக் கிழித்த பக்கங்களைப் பக்கவாட்டில் துளை போட்டுத் தைத்தால் உள்பக்கத்து எழுத்தைத் தையல் தின்றுவிடும். எழுபது வருஷத்துத் தாள் வேறு, மடக்கினால் அப்பளமாக ஒடிகிறது. அதனால் இரண்டிரண்டு தாளை நடுவில் ஒரு பட்டை கொடுத்து ஜோடியாக்கி, அந்தப் பட்டையை மடித்து அதில்தான் தைக்க வேண்டும். தாளின் மேல் பசை ஏறுவது ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குல அகலம், அவ்வளவுதான்.

முதல் மூன்று பாரத்துக்கு சாதாரண பாண்ட் பேப்பரில் பட்டை வெட்டினேன். காய்ந்ததும் ஒவ்வொரு பக்கமும் ஓலை மாதிரி நெளிந்தது. பசையில் தண்ணீர் அதிகம் என்று நினைத்து மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சினேன், அப்போதும் அதே நெளிசல். பிறகுதான் புரிந்தது, நான் பட்டையைத் தாளின் ஓட்டத்துக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே வெட்டியிருக்கிறேன். ஒரு துண்டை ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் சுருளும்; அந்தச் சுருள் எந்தத் திசையில் குழாயாக நீள்கிறதோ அதுதான் ஓட்டம். அது புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து ஓட வேண்டும். ஒட்டிய 24 தாளையும் ஈரத்துணி வைத்து ஊறவிட்டுப் பிரித்தேன். இரண்டு தாளில் ஓரம் போனது.

இப்போது புதுச்சேரியிலிருந்து வரவழைத்த கைவேலைத் தாள்தான். அதற்கு ஓட்டம் என்று பெரிதாகக் கிடையாது, எப்படி வெட்டினாலும் அடங்குகிறது. இருப்பதிலேயே மெல்லியதாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் முதுகு வீங்கிவிடும். நான் இரண்டு வால்யூமாகப் பிரித்ததே அதனால்தான். பசையில் மயில்துத்தம் போடுவதையும் நிறுத்திவிட்டேன். பூச்சி வராது என்பது சரிதான், ஆனால் தாளில் பச்சைக் கறை விடுகிறது. அதற்குப் பதில் பெட்டிக்குள் வசம்பு.

ஒரு பாரத்துக்கு எட்டுத் தாள் என்றால் ஜோடி 1-8, 2-7, 3-6, 4-5. கூட்டினால் 9 வர வேண்டும், அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இப்படி ஒட்டும்போது கதையும் முன்னும் பின்னுமாகக் கண்ணில் படும். பசை காய்வதற்குள் ஒரு பத்தி, அடுத்த ஜோடிக்குள் ஒரு பத்தி என்று படித்துக்கொண்டே போவேன். ஆதித்த கரிகாலன் கொலை வரும் பாரத்தை ஒட்டிய அன்றைக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. கொன்றது யார் என்று கதை கடைசிவரை அடித்துச் சொல்லாது. ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் அவனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் பெயரும் அவன் உடன்பிறந்தார் பெயரும் இருக்கின்றன. கதையில் சதிகாரனாகப் பார்த்த பெயரைக் கல்லிலும் பார்க்கும்போது வரும் சிலிர்ப்பு இருக்கிறதே, அதற்காகவே சரித்திரக் கதை படிக்கலாம். நடுவில் ஒரு ஞாயிறு பஸ் பிடித்துக் கொடும்பாளூருக்கும் போய்வந்தேன். மூவர் கோயிலில் இரண்டு விமானம்தான் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அந்த வெறும் அடித்தளத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கதையில் வரும் வானதியின் ஊர் இல்லையா!

ஒரு மனக்குறையும் உண்டு. முதல் வால்யூமை ஓரம் வெட்ட வெளியே கொடுத்தேன். மேல்பக்கம் ஒரு நூல் எடுத்தால் போதும் என்று பென்சிலில் கோடு போட்டே கொடுத்தேன். கால் அங்குலம் எடுத்துவிட்டார்கள். மணியம் வரைந்த படங்களில் நாலைந்துக்குத் தலைப்பக்கம் போயிற்று. எத்தனை வாரம் அப்பத்தா பார்த்துப் பார்த்துக் கிழித்து வைத்த தாள்! இரண்டாவது வால்யூமை வெட்டவே கொடுக்கவில்லை, உப்புத்தாளால் தேய்த்ததோடு சரி.

மாட்டிக்கொண்டது துப்பறியும் கதை. இதில் முதல் வாரத் தாள் இல்லை, அதனால் கதைப் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கடைசித் தாளில் ‘அடுத்த இதழில் முடியும்’ என்று இருக்கிறது. அந்த அடுத்த இதழும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஊறுகாய் ஜாடி, தேக்குத் தூண், ரவிவர்மா படம் எல்லாம் இருக்கிறது, எனக்கு வேண்டிய ரெண்டு பக்கம் இல்லை. அடுத்தது சென்னைதான். நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பழைய புத்தகம், பத்திரிகைகளை, 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். தாள்களின் பின்பக்க விளம்பரங்களை வைத்து வருஷத்தை நெருங்கிவிட்டால் தரமணிக்குப் போய் ஒரு வாரம் உட்காரலாம்.

முடிவு தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், எங்கள் அயித்தை. வயது 83. கடைசி வாரத்தை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து அப்பத்தா வாய்விட்டுப் படிக்க எல்லோரும் கேட்டார்களாம்.

“சொல்லவா ஆத்தா?”

“வேணாம் அயித்தை, நான் படிச்சுக்கிறேன்.”

“சரி. தோட்டக்காரன் இல்ல. அதை மட்டும் சொல்லிடறேன்.”

ஆறு வாரமாகத் தோட்டக்காரன் மேல்தான் எனக்குச் சந்தேகம். திரும்ப முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை வக்கீல் வரும் இடங்களை மட்டும் நின்று நிதானமாக.

காதல் கட்டை இந்த வாரம்தான் பிரித்தேன். தலைப்பக்க ஓரத்தில் அங்கங்கே பென்சிலில் ஒரு தேதி, வேறு எதுவும் எழுதவில்லை. பத்திரிகைத் தேதியாக இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. அயித்தையிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அப்போது ஐயா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், மலேயாவில், மூன்று வருஷக் கணக்கு. அவர் கடிதம் வந்த நாளெல்லாம் அப்பத்தா அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

மொத்தம் 19 தேதி. எல்லாம் விளிம்பை ஒட்டியே இருப்பதால் இந்தக் கட்டுக்கு வெட்டும் இல்லை, உப்புத்தாளும் இல்லை. அட்டையை மட்டும் கால் அங்குலம் பெரிதாக வைத்து, ஓரம் பிசிறோடு அப்படியே கட்டப் போகிறேன். பட்டை வெட்டியாகிவிட்டது, நாளைக் காலையில் பசை காய்ச்ச வேண்டும்.