ஆர்ஓ வேஸ்ட் தண்ணியும் என்ற மெலனோகிரைசமும்

குண்டூசி வெச்சு பிரிச்சு விடலாம்னு உக்காந்தது என்ற தப்புதாங்க. என்ற மெலனோகிரைசம் செடில புது இலை உறைக்குள்ள மாட்டிட்டு 18 நாளா வெளிய வரல, நுனி மட்டும் எட்டிப் பாக்குது, மிச்சமெல்லாம் சுருண்டு ஒட்டிக் கெடக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு ஞாயித்துக்கெழமை காலைல கண்ணாடிய மாட்டிட்டு ஊசியும் கையுமா உக்காந்தேன். சர்ருனு ஒரு சத்தம், அவ்ளோதான், செம்புக் கலர்ல இருந்த இலை நடுவால கிழிஞ்சு போச்சு. அடுப்படில இருந்து வீட்டுக்காரர் "என்னாச்சு"ன்னார், ஒண்ணுமில்லீங்கன்னுட்டேன்.

செடி பேரு பிலோடென்ட்ரான் மெலனோகிரைசம். மெலனோன்னா கருப்பு, கிரைசம்னா தங்கம். இலை தொட்டா வெல்வெட்டு ஜாக்கெட்டு மாதிரி இருக்கும், கரும்பச்சை, வெயில் சாஞ்சு விழுந்தா உள்ள மினுக்கும். 1873லயே பேரு வெச்சுட்டாங்க, ஆனா குட்டியா இருக்கறப்ப இலை இதயம் மாதிரியும் பெருசானா முழங்கை நீளத்துக்கு தொங்கற மாதிரியும் ஆகறதால பெரிய செடிய வேற ஜாதின்னு நினைச்சு ஆண்ட்ரியானம்னு இன்னொரு பேரு வெச்சாங்களாம். சொந்த ஊரு தென் அமெரிக்கால கொலம்பியா. அங்க சோகோங்கற பக்கம் சில எடத்துல வருசத்துக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது. நம்ம கோயமுத்தூருக்கு நல்ல வருசத்துல 700 வந்தா சாமி புண்ணியம். அப்பறம் ஆடில பாலக்காட்டுக் கணவாய்ல நொழைஞ்சு வர்ற காத்து வேற, சரவணம்பட்டில ஆறாவது மாடில பால்கனிக் கதவத் தொறந்தா துணிக் கிளிப்பு கூட நிக்காது.

அதனால ஈரப்பதம்தான் பிரச்சினைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். யாரைக் கேட்டாலும் ஹ்யூமிடிட்டி ஹ்யூமிடிட்டின்னுதான் சொன்னாங்க. ஹ்யூமிடிஃபையர் வாங்கினேன், கூழாங்கல்லு தட்டு வெச்சேன், செடிய பாத்ரூம் ஜன்னலுக்கு மாத்தினேன், ஸ்ப்ரே பாட்டில்ல போர் தண்ணிய அடிச்சு அந்த வெல்வெட்டு மேல பூரா வெள்ளப் புள்ளி விழ வெச்சேன். ஒண்ணும் ஆகல. இலை நுனில இருந்து காப்பிக் கலர்ல கருகிட்டே உள்ள வருது, சுத்தி ஒரு மஞ்சக் கோடு. மண்ணு ஈரமா இருக்குது ஆனா செடி வாடி நிக்குது, வாடுதேன்னு நான் இன்னும் எச்சா ஊத்தறேன். இங்கயே எனக்கு சந்தேகம் வந்திருக்கோணும், வரல.

கண்டுபிடிச்சது எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வாழையும் வெச்சிருக்காங்க, கண்ணு செக்கப்புக்குன்னு ஆவணில ரெண்டு நாள் வந்து தங்கினாங்க. சாயங்காலம் டீ டம்ளரோட பால்கனில நின்னவங்க, "இதென்ன அம்மிணி, தொட்டி ஓரமெல்லாம் இப்பிடி பூத்துக் கெடக்குது?"ன்னாங்க. மண்தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும், அது ஒரு அழகுன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். அப்புச்சி நகத்தால சுரண்டி நாக்குல வெச்சுப் பாத்தாங்க.

"உப்பு. எந்தத் தண்ணி ஊத்தற?"

நான் பெருமையா சொன்னேன், ஆர்ஓல இருந்து வேஸ்ட்டா போற தண்ணியக் கூட விடாம பக்கெட்ல புடிச்சு செடிக்குத்தாங்க அப்புச்சி ஊத்தறேன்னு. அப்புச்சிக்கு ஆர்ஓ எப்பிடி வேலை செய்யுதுன்னு தெரியாது, கேட்டாங்க. சொன்னேன், ஒரு சல்லடை மாதிரி, நல்ல தண்ணி இந்தப் பக்கம் வந்துரும், உப்பெல்லாம் மிச்சத் தண்ணியோட அந்தப் பைப்புல வெளிய போயிரும். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே தொண்டை அடைச்சுருச்சு.

"அப்ப நல்ல தண்ணிய நீங்க குடிச்சுட்டு உப்பு பூராத்தையும் இதுக்குக் குடுத்திருக்கீங்க. தென்னைன்னா தாங்கும் கண்ணு. வாழையே தாங்காது, இப்பிடித்தான் ஓரம் கருகும்."

முன்னூறு ரூவாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன், ஒரு லிட்டர் தண்ணில உப்பு எத்தனை மில்லிகிராம் கரைஞ்சிருக்குதுன்னு காட்டும், இதை மொதல்லயே வாங்கியிருந்தா ஹ்யூமிடிஃபையர் காசு மிச்சம். போர் தண்ணி 940. ஆர்ஓ கழிவு 1600க்கு மேல. தொட்டிக்கு அடில வடிஞ்ச தண்ணிய தட்டுல புடிச்சு வெச்சுப் பாத்தா 2700! குடிதண்ணிக்கே 500க்குள்ள இருக்கோணும்ங்கறாங்க.

உப்பு சேந்தா மண்ணுல தண்ணி இருந்தும் வேரால இழுக்க முடியாதுங்க. ஊறுகாய்க்கு மாங்காய உப்புல போட்டா தண்ணி விட்டு சுருங்குதில்ல, அதே கதைதான். இழுக்கற கொஞ்சத் தண்ணியோட ஏறற உப்பு இலை நுனில போய்த் தங்குது, தண்ணி ஆவியாயிரும், உப்பு எங்க போகும், அதான் நுனி கருகறது. புது இலை உறையப் பொளந்துட்டு வரோணும்னா உள்ள தண்ணி அழுத்தம் வேணும், அது இல்லாமத்தான் பாவம் 18 நாளா மாட்டிக் கெடந்திருக்குது. காத்து ஈரமும் ஒரு காரணம்தான், இல்லீங்கல, ஆனா வேர் சரியில்லாதப்ப மேல எவ்ளோ பொகை விட்டு என்ன பிரயோஜனம்.

செடியத் தொட்டில இருந்து எடுத்தா புளிச்ச வாடை. பாதி வேர் பழுப்பா கொழகொழன்னு இருக்குது, புடிச்சு இழுத்தா தோல் கையோட வந்து உள்ள நூல் மட்டும் நிக்குது. அதெல்லாம் புது பிளேடுல வெட்டிட்டு, வெள்ளையா கெட்டியா இருந்தத மட்டும் விட்டேன். அப்புச்சி தென்னைக்கு வேப்பம்புண்ணாக்குல கலந்து போடற ட்ரைக்கோடெர்மால, வேரழுகல அடக்கற நல்ல பூஞ்சை அது, ஒரு சிட்டிகை கலவைல போட்டேன்.

இதுல இன்னொரு கூத்து. கோகோபீட், அதான் தென்னை நார்த்தூள். நம்ம பொள்ளாச்சிச் சரக்குத்தான், 650 கிராம் செங்கல் மாதிரி கட்டியா வரும், ஊறவெச்சு அப்பிடியே போட்டுருவேன். இந்தத் தடவ ஊறவெச்ச தண்ணில மீட்டர விட்டா அதுலயும் நாலு இலக்கம். தென்னையே உப்பு தாங்கற மரம், மட்டைக்குள்ள பொட்டாசியம், சோடியம், குளோரைடுன்னு எல்லாம் இருக்குது. சும்மா அலசினா கொஞ்சம் போகும், மிச்சம் நார்த்தூள்லயே புடிச்சுட்டு நிக்கும். சொட்டுநீருக்கு விடற கால்சியம் நைட்ரேட்ட தண்ணில கரைச்சு ராத்திரி பூரா ஊற வெச்சா கால்சியம் போய் அந்த எடத்துல உக்காந்து சோடியத்த வெளிய தள்ளும், அப்பறம் மறுபடி நல்ல தண்ணில ரெண்டு அலசு. மொத அலசுல டீ மாதிரி வந்த தண்ணி கடைசில வெளிறிப் போயிரும். அதையும் மூணுல ஒரு பங்குதான் போட்டேன், மிச்சம் மட்டைத் துண்டு, கரித்துண்டு, அப்பறம் பெர்லைட்டுங்கற லேசான வெள்ளைக் கல்லுப் பொரி.

தண்ணிக்கு வாரம் ஒருக்கா கீழ பைப்புல வர்ற கார்ப்பரேஷன் தண்ணில ஒரு கொடம், மழை பேஞ்சா பால்கனில பக்கெட்டு, ஏசி ஓடுச்சுன்னா அந்தக் கொழாய்த் தண்ணி. ஏசித் தண்ணி மீட்டர்ல 20 கூட வரலீங்க, காத்துல இருந்து குளிர்ந்து சொட்டறது தான, உப்பே இருக்காது. ஆர்ஓ கழிவு இப்ப தரை தொடைக்கவும் கக்கூஸுக்கும் போகுது.

கம்புல ஏத்திக் கட்டறப்ப பிளாஸ்டிக் டேக்க எடுத்தேன், அப்புச்சி புடுங்கி வெச்சுட்டாங்க. பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால்ல வெத்தலைய அகத்தில ஏத்தற மாதிரி நாருல தளர்வா கட்டு, தண்டு பெருக்கறப்ப அறுக்கக் கூடாதுன்னு, வாழநாரத் தண்ணில நனைச்சு கணுவுக்குக் கீழ அவங்களே ஒரு முடிச்சு போட்டுட்டுப் போனாங்க. ஏறவிட்டாத்தான் இந்த ஜாதிக்கு இலை பெருக்கும். ஊருல தோப்புல தென்னைல ஏறின மணிபிளாண்ட்டப் பாத்திருப்பீங்க, இலை மொறம் மாதிரி இருக்கும், அதே செடி ஃப்ரிட்ஜ் மேல தொங்கறப்ப உள்ளங்கை அளவு கூட வராது.

வேர் வெட்டினதுல ரெண்டு மாசம் செடி அசையவே இல்ல. ஐப்பசி மழைல ஒரு உறை வந்துச்சு, நான் ஊசிய எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ஆறே நாள், தானாப் பிரிஞ்சு செம்புக் கலர்ல வழவழன்னு தொங்குது, நுனி வரைக்கும் ஒரு கருக்கல் இல்ல. போட்டோ எடுத்து அப்புச்சிக்கு அனுப்பினா "செரி, அந்தக் கிழிஞ்ச இலைய ஏன் இன்னும் வெச்சிருக்க"ன்னு போன் பண்றாங்க.

நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தப்ப புது இலைக்கு அடில வெள்ளிக் கோடு மாதிரி ரெண்டு தடம், பக்கத்துல மொளகு ஒடச்ச மாதிரி கருப்புப் புள்ளி. இலைப்பேன்தான், சந்தேகமே இல்ல. நீல ஒட்டு அட்டை ஒண்ணு தொங்க விட்டிருக்கேன், பக்கத்து செடிகளையெல்லாம் ஹாலுக்கு மாத்தியாச்சு, வேப்பெண்ணெய் இந்த வெல்வெட்டுல அடிச்சா இலை கெட்டுப் போகுமான்னு கிழிஞ்ச இலைல ஒரு ஓரமா தடவி வெச்சிருக்கேன்.